எஞ்சினுக்குப் பின்னால்: பழைய எம்.ஜி. கார்க்காரர்களின் கேள்விகளும் ஹட்டன் கராஜ்காரரின் பதில்களும்

ஹட்டனில் கராஜ் போட்டு முப்பது வருடம் தாண்டிவிட்டது. எனக்குச் சோறு போட்டது தேயிலைக் கொழுந்து லொறி. ஆசையைத் தீர்த்தது, தோட்டத் துரைமார் விட்டுப்போன, நம்பர் தட்டில் ‘ஸ்ரீ’ எழுத்துள்ள பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள். இந்த முறை வந்தவை எல்லாமே எம்.ஜி. பி., எம்.ஜி. மிட்ஜெட் என்ற இரண்டு பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களின் கிளட்ச், கியர்பொக்ஸ், பின் அச்சு பற்றிய கேள்விகள்.

பண்டாரவளையிலிருந்து: அண்ணே, 1969 எம்.ஜி. பி. ஆக்சிலேட்டரை விட்டு மறுபடி மிதிச்சா பின்னால ‘டொக்’னு அடிக்குது. பின் அச்சு நடுவுல இருக்கிற டிஃபரன்ஷல் கியர்த் தொகுதியையே மாத்தணும்ங்கிறார் இங்க உள்ள கராஜ் பாஸ். மாத்தவா?

அவசரப்படாதீங்க தம்பி. அந்தச் சத்தம் பெரும்பாலும் ஒரே இடத்தில் பிறப்பதில்லை. நாலு இடத்து ஆட்டம் ஒன்றாகச் சேர்ந்துதான் ‘டொக்’ ஆகும். முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தை ஸ்டாண்டில் ஏற்றி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பிடிக்க வையுங்க. கீழே படுத்து, கியர்பொக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் புரொப்பெலர் ஷாஃப்டைக் கையால் இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்க. அதன் நுனிகளில் மடங்கும் மூட்டான யுனிவர்சல் ஜொயின்டில் ஆட்டம் இருந்தால் விரலுக்கே தெரியும். அடுத்தது சக்கரம். கம்பிச் சக்கரமாக இருந்தால், ஹேண்ட்பிரேக் பிடித்திருக்கும்போதே டயரை முன்னும் பின்னும் ஆட்டுங்க. டிரம் அசையாமல் சக்கரம் மட்டும் அசைந்தால் ஹப்பில் உள்ள ஸ்ப்லைன் பல் தேய்ந்துவிட்டது. பாவம், அதற்கும் டிஃபரன்ஷல்தான் பழி சுமக்கிறது.

இரண்டும் சரியாக இருந்தால் மட்டும் பின் அச்சின் மூடியைத் திறங்க. உங்கள் வருடத்துக் காருக்குக் குழாய் அச்சு, மூடி பின்பக்கம் இருக்கும். உள்ளே பெரிய கியர்களுக்குப் பின்னால் ஃபைபர் வாஷர், சின்னக் கியர்களுக்குப் பின்னால் குழிந்த செம்பு வாஷர். நான் கழற்றிய ஒரு காரில் செம்பு வாஷர் சவர பிளேட் மாதிரி மெலிந்து, விரலில் எடுத்ததும் இரண்டாக உடைந்தது. பின் அச்சில் வரும் ‘டொக்’கில் பெரும்பங்கு இந்த வாஷர்களுடையது. சக்கரங்களுக்குப் போகும் ஹாஃப் ஷாஃப்ட் இரண்டையும் இழுத்து, நடு பின்னைத் தட்டி எடுத்தால் வாஷரை அங்கேயே மாற்றலாம். கிறவுன் வீலையும் பினியனையும் தொடவே வேண்டாம். அவை கெட்டால் பெரும்பாலும் ‘டொக்’ அல்ல, ‘ஊ’ என்று ஊளைதான் வரும்.

நுவரெலியாவிலிருந்து: 1970 மிட்ஜெட். றம்பொடை வளைவில் ஏறும்போது முதல் கியருக்கு இறக்கினால் கரகரவென்று கத்துகிறது. கியர்பொக்ஸைப் பிரிக்கணுமா?

பிரிக்காதீங்க. அந்தப் பெட்டியில் முதல் கியருக்கு, பல் உரசாமல் வேகத்தைச் சமன்படுத்தும் சிங்க்ரோவே கிடையாது, பிறவியிலேயே அப்படித்தான். கார் நின்ற பிறகு போடுங்க. ஓடும்போதே வேண்டுமென்றால் கிளட்சை மிதித்து நியூட்ரல், விட்டு ஒரு சின்ன ஆக்சிலேட்டர், மறுபடி மிதித்து முதல் கியர். பழைய லொறி ஓட்டியவரிடம் அரை நாள் பழகினால் போதும்.

கம்பளையிலிருந்து ஒரு தங்கச்சி: அப்பாவோட எம்.ஜி. பி. கிளட்ச் முழுசா விடுபடல, ரிவர்ஸ் போட்டா பல் உரசுது. எஞ்சினை இறக்கணும்னு ஒன்றரை இலட்சம் கேட்கிறாங்க.

இந்தக் காரில் கிளட்சைத் தொட எஞ்சினை வெளியே எடுத்தே ஆகணும், அதனால் கூலி கூடும். நானே தொழில் பழகிய காலத்தில் இதே குறைக்கு இரண்டு நாள் செலவழித்து எஞ்சினை இறக்கி, புதுக் கிளட்ச் பூட்டி ஏற்றினேன். குறை அப்படியே இருந்தது. குற்றவாளி பெடலுக்கும், அது அழுத்தும் ஹைட்ரோலிக் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் கிளெவிஸ் பின், சுண்டுவிரல் அளவுகூட இல்லாத ஒரு ஆணி. அது பாதி தேய்ந்து, பெடலில் உள்ள ஓட்டை முட்டை வடிவமாகியிருந்தது. பெடல் மிதிபடுகிறது, அந்த அசைவு தள்ளுகோலுக்கு முழுசாகப் போய்ச் சேருவதில்லை. முதலில் ஒருவரைப் பெடலை மிதிக்கச் சொல்லி, கீழே கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் தள்ளுகோல் எவ்வளவு நகருகிறது என்று அளந்து பாருங்க. கிட்டத்தட்ட அரை அங்குலம் வேண்டும். குறைந்தால் கிளெவிஸ் பின், பெடல் ஓட்டை, ஹைட்ரோலிக்கில் காற்று, இந்த ஒழுங்கில் பாருங்க. ஓட்டையை வெல்ட் வைத்து நிரப்பிப் புதிதாகத் துளைத்துவிடலாம், எந்த டீ பெக்டரி ஃபிட்டரும் செய்வார்.

இன்னொன்று, இதில் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் கார்பன் துண்டு, குண்டு பேரிங் அல்ல. ஏற்றத்தில் கிளட்சைப் பாதி மிதித்தபடி காரை நிறுத்தி வைத்தால் அது மாவாகக் கரைந்துவிடும். ஹேண்ட்பிரேக் எதற்கு இருக்கிறது?

தலவாக்கலையிலிருந்து: என் மிட்ஜெட் ஏற்றத்தில் திணறுது. மொரிஸ் மைனர் டிஃபரன்ஷல் பொருந்தும்னு சொல்றாங்க, உண்மையா?

உண்மை. நம் ஊரில் மைனருக்குப் பஞ்சமில்லை, அதிர்ஷ்டம்தான். 1968 கடைசிக்குப் பிந்திய 1275 சிசி மிட்ஜெட்டில் 3.9 விகிதம் (எண் கூடினால் ஏற்றத்தில் இழுவை கூடும்). 1098 சிசி மைனரில் 4.22. டிஃபரன்ஷல் முழுசாக அப்படியே மாறும். கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் வாங்கும்போது கடைக்காரர் வாயை நம்பாமல் வார்ப்பில் பொறித்த எண்ணைத் துடைத்துப் பாருங்க. 9/38 என்றால் 4.22. 9/41 என்றால் பழைய 948 சிசி மைனரின் 4.55, அதைப் போட்டால் கொழும்புக்குப் போகும் வழியில் எஞ்சின் இரைச்சலில் காது அடைத்துவிடும். 4.22இல் எஞ்சின் சுமார் 8 சதவீதம் கூடுதலாகச் சுற்றும், ஸ்பீடோமீட்டரும் அந்த அளவு கூட்டிக் காட்டும். ஏற்றத்துக்கு நான் 4.22 பக்கம்.

மாத்தளையிலிருந்து: எம்.ஜி. பி. கியர்பொக்ஸுக்கு 90 கியர் ஒயில் ஊற்றலாமா?

வேண்டாம். கைநூல் சொல்வது எஞ்சின் ஒயில், 20W-50. வேக ஓட்டத்துக்கான கூடுதல் கியரான ஓவர்டிரைவ் இருந்தால் அதுவும் இதே ஒயிலில்தான் ஓடும், எந்தச் சேர்க்கை மருந்தும் கலக்கக் கூடாது. 90 பின் அச்சுக்கு.

ஹட்டனிலேயே ஒரு தம்பி: மிட்ஜெட்டுக்கு டட்சன் சனியின் ஐந்து கியர் பெட்டி போடலாமா மாமா?

போடலாம், வெளிநாட்டிலும் இதைச் செய்கிறார்கள். முதல் கியர் தொல்லையும் தீரும். ஆனால் நடுவில் வரும் அடாப்டர் தட்டை டயல் கேஜ் வைத்து எஞ்சினோடு மையம் பார்க்காமல் பூட்டினால் முன் பேரிங்கைச் சீக்கிரமே தின்றுவிடும். லேத்காரர் ‘கண்ணளவு போதும்’ என்றால் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்க. பழைய பெட்டியை ஒயில் தடவி, சாக்கில் சுற்றி, மேல் தட்டில் வையுங்க. இரும்புக்காரன் இந்தப் பக்கம் செவ்வாய்க்கிழமை வருவான், அவன் கண்ணில் படாமல்.