எந்த வாசல் வழியாக வந்தார்கள்? பூட்டானியர், பிரேசிலியர் பற்றி வாசகர் கேள்விகள்

அமெரிக்காவில் குடியேறிய சிறு சமூகங்களின் வருமானத்தைப் பற்றி எழுதியதிலிருந்து கேள்விகள் வந்தபடி இருக்கின்றன. பாதிக்கு மேல் பூட்டானியரையும் பிரேசிலியரையும் பற்றியவை. இரண்டு சமூகங்களோடும் எனக்குப் பழக்கம் உண்டு. பாஸ்டன் பக்கம் எட்டு வருடம் பிரேசில்காரர்கள் நடுவே குடியிருந்தேன். இப்போது ஒஹாயோவின் கொலம்பஸில், வரிக்காலம் வந்தால் இலவசமாகப் படிவம் நிரப்பித் தரும் மேசையில் உட்காருகிறேன். எதிரே வந்து உட்காருபவர்களில் பலர் பூட்டானியர். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: அமெரிக்காவில் பூட்டானியர் வசதியா, பிரேசிலியர் வசதியா? (சேலம் வாசகர்)

வருமானக் கணக்கை மட்டும் பார்த்தால் பிரேசிலியர்தான். சந்தேகமே இல்லை. 2015ஆம் ஆண்டுக் கணக்கை வைத்து அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் வெளியிட்ட விவரப்படி, பூட்டானியரில் 33.3 சதவீதம் பேர் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள். அந்த ஆண்டில் மொத்த அமெரிக்காவின் விகிதம் 15.1. கல்லூரிப் பட்டம் பெற்ற பூட்டானியர் 9 சதவீதம்தான். ஆங்கிலத்தில் தடையில்லாமல் பேச முடிந்தவர்கள் 27 சதவீதம். பிரேசிலியக் குடும்பங்களின் வருமானமோ அமெரிக்க சராசரியை ஒட்டியே இருக்கிறது. அவர்களில் பத்துக்கு நான்கு பேர் அளவுக்குப் பட்டதாரிகள்.

ஆனால் சேலத்து நண்பரே, வருமான அட்டவணையில் ஏறாத சொத்து ஒன்று உண்டு. சட்டப்படி தங்கி வேலை செய்யும் உரிமையைத் தரும் காகிதம். அது பூட்டானியரிடம் முதல் நாளிலிருந்தே இருந்தது. பிரேசிலியரில் பலருக்கு இருபது வருடம் உழைத்த பிறகும் கிடைக்கவில்லை. கீழே வரும் பதில்கள் பலவும் இதைச் சுற்றித்தான் வரும்.

பூட்டான் மகிழ்ச்சியை அளக்கும் நாடு என்று படித்திருக்கிறோம். அங்கிருந்து எப்படி அகதிகள்? (கோவில்பட்டி வாசகி)

அமெரிக்காவில் இருக்கும் பூட்டானியரில் மிகப் பெரும்பாலோர் லோட்சம்பா எனப்படும் நேபாளி பேசும் மக்கள். பூட்டானின் தெற்கே ஏலக்காயும் ஆரஞ்சும் பயிரிட்டவர்கள். 1985இல் அந்நாடு குடியுரிமைச் சட்டத்தை இறுக்கியது. 1988இல் தெற்கு மாவட்டங்களில் கணக்கெடுப்பு நடந்தபோது, 1958இல் இங்கேதான் இருந்தேன் என்று நிரூபிக்கச் சொன்னார்கள். முப்பது வருடத்துக்கு முந்தைய நில வரி ரசீது. அதை வைத்திருந்தவன் குடிமகன், இல்லாதவன் அந்நியன். கூடவே ஒரே உடை, ஒரே மொழி என்ற கெடுபிடி. எதிர்த்தவர்கள் மேல் அடக்குமுறை. 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு லட்சம் பேர் அளவுக்கு வெளியேறி, கிழக்கு நேபாளத்தின் ஜாபா, மோரங் மாவட்டங்களில் மூங்கில் குடிசை முகாம்களில் தங்கினார்கள். பெல்டாங்கி, தீமாய், கோல்தாப், சனிஸ்சரே என்ற பெயர்களை இன்றும் அவர்கள் சொந்த ஊர் போலச் சொல்வார்கள்.

பதினேழு, பதினெட்டு வருடம் அங்கேதான். சட்டப்படி வேலை செய்ய முடியாது, நிலம் வாங்க முடியாது. ரேஷன் அரிசி. நல்ல காரியம் ஒன்று நடந்தது: முகாம் பள்ளிகளில் பிள்ளைகள் ஆங்கிலமும் சேர்த்துப் படித்தார்கள். 2007 கடைசியில் மறுகுடியமர்த்தல் தொடங்கியது. மொத்தம் 1.13 லட்சம் பேர் எட்டு நாடுகளுக்குப் போனார்கள், அதில் சுமார் 96,000 பேர் அமெரிக்காவுக்கு.

வந்து இறங்கும்போது கையில் என்ன இருந்தது தெரியுமா? ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பையில் ஆவணங்கள், அப்புறம் விமான டிக்கெட்டுக்கான கடன். வட்டியில்லாக் கடன்தான், ஆனாலும் சில மாதங்களிலேயே தவணை தொடங்கிவிடும். ஆறு பேர் குடும்பம் என்றால் ஆறு டிக்கெட். அகதி உதவித்தொகை அப்போது பிள்ளை இல்லாதவர்களுக்கு எட்டு மாதம். அதற்குள் ஏதோ ஒரு வேலையைப் பிடித்தாக வேண்டும். கோழி வெட்டும் ஆலை, ஹோட்டலில் படுக்கை மாற்றும் வேலை, கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை. முதல் சில வருடங்களின் வறுமை விகிதத்தை வைத்து அவர்களை எடை போடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பிரேசில் பெரிய நாடு, வளமான நாடு. அவர்கள் ஏன் வெளியேறினார்கள்? (தஞ்சாவூர் வாசகர்)

பணவீக்கம்தான் முதல் காரணம். 1980களில் தொடங்கி, 1990 மார்ச்சில் ஒரே மாதத்தில் விலைவாசி 80 சதவீதத்துக்கு மேல் ஏறியது. அதே மாதம் புதிய அரசு மக்களின் வங்கிச் சேமிப்பையே முடக்கியது. நடுத்தரக் குடும்பங்கள் ஆடிப்போயின. ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், சிறு கடைக்காரர்கள் சுற்றுலா விசாவில் விமானம் ஏறினார்கள், திரும்பவில்லை.

ஏன் பாஸ்டன்? மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் கவர்னடோர் வலடாரெஸ் என்று ஒரு ஊர். இரண்டாம் உலகப் போரின்போது ரேடியோக் கருவிகளுக்கான மைக்கா அங்கிருந்து போனது. அதையொட்டி அமெரிக்கர்கள் அந்த ஊருக்கு வந்து போனார்கள். பிறகு ஊர்க்காரர்கள் சிலர் மாசசூசெட்ஸ் போனார்கள், பின்னாலேயே அண்ணன் தம்பி, மச்சான், பக்கத்து வீட்டுக்காரர். இங்கிருந்து போன டாலரில் அங்கே வீடுகள் எழுந்தன. ஊருக்கே ‘வலடோலாரெஸ்’ என்று பட்டப்பெயர். மாசசூசெட்ஸில் போர்த்துக்கீசியர் முன்பே குடியிருந்ததால் மொழி தெரிந்த கடையும் தேவாலயமும் காத்திருந்தன. பூட்டானியருக்கு இப்படி முன்னால் போய் இடம் பிடித்து வைத்தவர் யாரும் இல்லை.

ஃப்ராமிங்ஹாமில் நாங்கள் இருந்த வீட்டுக்கு மேல்மாடியில் ஒரு பிரேசில் அம்மா இருந்தார். வீடு துப்புரவு வேலை. அவரிடம் சுருள் கம்பி போட்ட ஒரு நோட்டு. திங்கள் முதல் சனி வரை எந்த வீடு, சாவி எங்கே, நாய் உண்டா, எவ்வளவு டாலர் என்று எல்லாம் அதில். அதற்கு ‘ஸ்கெட்யூல்’ என்று பெயர். அந்த நோட்டைத்தான் அவர் ஊர் திரும்பும்போது இன்னொரு பெண்ணுக்கு விற்றார். வாரம் எவ்வளவு வருகிறதோ அதைப்போல இத்தனை மடங்கு என்று பேரம். வாங்கியவரைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போய் அறிமுகமும் செய்துவைத்தார். எந்தப் பத்திரத்திலும் பதிவாகாத தொழில் அது. வங்கி கடன் தராதவர்கள் தாங்களே உருவாக்கிக்கொண்ட மூலதனம். எனக்கு அதன் மேல் இன்றும் பெரிய மரியாதை.

ஆனால் எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். உடம்பு முடியாமல் ஒரு மாதம் படுத்தால் வருமானம் பூஜ்யம். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்த ஆள் இழப்பீடு கேட்கப் பயப்படுகிறார். சம்பளத்தைப் பிடித்துவைக்கும் மேஸ்திரியைத் தட்டிக் கேட்க முடிவதில்லை. மாசசூசெட்ஸில் 2023 ஜூலை வரை காகிதம் இல்லாதவர்கள் ஓட்டுநர் உரிமம்கூட வாங்க முடியாது. தினம் காரில் ஆறு வீடு போகும் பெண்ணுக்கு அது என்ன பயம் என்று நினைத்துப் பாருங்கள்.

இந்த எண்களை எவ்வளவு நம்பலாம்? (பெங்களூரு வாசகர்)

நல்ல கேள்வி. நான் சொல்ல வேண்டும் என்று காத்திருந்ததும் இதுதான்.

2015 கணக்கில் பூட்டானியர் சுமார் 24,000 பேர். ஆனால் அதற்குள் அமெரிக்கா அழைத்து வந்தவர்களே 80,000க்கு மேல். மற்றவர்கள் எங்கே போனார்கள்? படிவத்தில் ‘நீங்கள் யார்’ என்ற கட்டத்தில் பலர் ‘நேபாளி’ என்று எழுதிவிடுகிறார்கள். பேசும் மொழி அது, துரத்திய நாட்டின் பெயரை எழுத மனம் வராதவர்களும் உண்டு. ஆகவே அந்த 33.3 சதவீதம் என்பது பூட்டானியர் என்று எழுதியவர்களின் நிலை மட்டும்.

பிரேசில் பக்கம் இதைவிட வேடிக்கை. அமெரிக்க அரசின் வரையறையில் ஹிஸ்பானிக் என்றால் ஸ்பானிஷ் கலாசார வேர். போர்த்துக்கீசிய மொழி பேசும் பிரேசிலியர் அதில் வரமாட்டார்கள். யாராவது தன்னை ஹிஸ்பானிக் என்று குறித்துவிட்டு பிரேசிலியர் என்று எழுதினால், கணக்கெடுப்புத் துறை அதைத் திருத்திவிடும். 2020இல் அந்தத் திருத்தம் தவறுதலாக விட்டுப்போனது. பார்த்தால், 4.16 லட்சம் பிரேசிலியர் தங்களை ஹிஸ்பானிக் அல்லது லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வேர் உள்ளவர்) என்று குறித்திருந்தார்கள். முந்தைய ஆண்டு அந்த எண் 14,000தான்! அப்புறம், காகிதம் இல்லாதவர் கதவைத் தட்டும் கணக்கெடுப்பாளருக்கு எவ்வளவு திறந்து பேசுவார் என்பது தனிக் கதை. பிரேசில் வெளியுறவுத் துறை அமெரிக்காவில் தன் மக்கள் சுமார் 20 லட்சம் என்கிறது. அமெரிக்கக் கணக்கு அதில் ஒரு பகுதியைத்தான் காட்டுகிறது.

ஆசிய அமெரிக்கர் என்றாலே பணக்காரர் என்கிறார்களே? (திருநெல்வேலி வாசகி)

2015இல் இந்தியக் குடும்பங்களின் நடுநிலை வருமானம், அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானம், ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலர். பர்மியக் குடும்பங்களுக்கு 36,000. இரண்டையும் ஒரே ‘ஆசியர்’ பெட்டியில் போட்டு சராசரி எடுத்தால் பர்மியரும் பூட்டானியரும் மறைந்துபோவார்கள். உதவித் திட்டம் தீட்டுபவர்களும் அந்த சராசரியைப் பார்த்து ‘இவர்களுக்கு எதற்கு’ என்று நகர்ந்துவிடுகிறார்கள்.

பூட்டானியர் வீடு வாங்குகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். மூன்றில் ஒருவர் ஏழை என்கிறீர்கள். எப்படிப் பொருந்துகிறது? (மதுரை வாசகர்)

என் மேசைக்கு வந்த ஒரு குடும்பம். ஒரே உறைக்குள் நான்கு சம்பளச் சான்றுகள்: அப்பா கிடங்கில், அம்மா ஹோட்டலில், மூத்த மகன் இரவு ஷிப்டில் அதே கிடங்கில், மருமகள் முதியோர் பராமரிப்பில். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே சொற்பம். நான்கையும் ஒரே அடுப்பில் போட்டபோது, வந்த ஏழாம் வருடம் நான்கு படுக்கையறை வீட்டுக்கு முன்பணம் சேர்ந்துவிட்டது. தாத்தா பாட்டி பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதால் குழந்தைக் காப்பகச் செலவும் கிடையாது. கொலம்பஸ், ஏக்ரன், ஹாரிஸ்பர்க் போன்ற ஊர்களில் வீட்டு விலை குறைவாக இருந்ததும் கைகொடுத்தது. ஏக்ரனின் நார்த் ஹில் பகுதியில் மூடிக் கிடந்த கடைகளில் இன்று மோமோவும் மளிகையும் விற்கிறார்கள். முதலில் வேறு மாநிலங்களில் வாடகைக்கு இருந்தவர்களில் பலர் இங்கே இரண்டாம் முறை இடம் பெயர்ந்ததே வீட்டுக்காகத்தான்.

வங்கி அந்தக் கடனைத் தயங்காமல் தந்ததற்கு, வீட்டில் எல்லோரிடமும் கிரீன் கார்டு இருந்தது ஒரு முக்கியக் காரணம். அகதியாக வந்தவர் ஒரு வருடத்தில் அதற்கு விண்ணப்பிக்கலாம், ஐந்து வருடத்தில் குடியுரிமைக்கு.

வயதானவர்கள் எப்படி இருக்கிறார்கள்? (புதுச்சேரி வாசகி)

மனசு கனக்கிற கேள்வி. 2009 பிப்ரவரியிலிருந்து மூன்று ஆண்டுகளில் பூட்டானிய அகதிகளிடையே 16 தற்கொலைகள் பதிவாயின. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஆராய்ந்தபோது விகிதம் லட்சத்துக்கு 20.3 என்று தெரிந்தது. பொது விகிதம் 12.4. மொழி தெரியாமை, பிரிந்துபோன உறவுகள் பற்றிய கவலை, சடங்கு சம்பிரதாயத்தைக் காப்பாற்ற முடியாத வேதனை ஆகியவை குடும்பத்தினர் சொன்ன சிரமங்களில் முன்னால் நின்றன. சொந்த வயலில் ஏர் பிடித்தவர் பஸ் எண் படிக்கத் தெரியாமல் நான்காம் மாடியில் அடைந்து கிடந்தால் என்ன ஆவார்?

முதியோர் உதவித்தொகையும் அகதிகளுக்கு ஏழு வருடம்தான். அதற்குள் குடியுரிமை வாங்காவிட்டால் நின்றுவிடும். எழுதப் படிக்கத் தெரியாத எழுபது வயதுப் பாட்டிகள் நோட்டில் தங்கள் பெயரை ஆங்கிலத்தில் எழுதிப் பழகியதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பாட்டி முதல் எழுத்தை மட்டும் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தார். பொருளாதார நலம் என்று பேசும்போது இவர்களைத் தனி வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும். குடும்ப வருமானத்தில் இவர்கள் நிலை தெரியாது.

மற்ற நாடுகளிலும் இதே நிலைதானா? (கொழும்பு வாசகர்)

இல்லை. அதனால்தான் நாட்டின் பெயரை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள் என்கிறேன். ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். அடிலெய்டில் முகாம்களிலிருந்து வந்த லோட்சம்பாக்கள். பெர்த்தில் அண்மை ஆண்டுகளில் மாணவர் விசாவில் வந்த பூட்டானியர்: அரசு வேலையை விட்டுவிட்டு வந்த பட்டதாரிகள், கூடவே வேலை செய்யும் கணவனோ மனைவியோ. இருவரும் பூட்டானியர். கடன், மொழி, வயது, கனவு எதுவும் ஒன்றல்ல.

ஜப்பானில் பிரேசிலியர் கதையும் அப்படித்தான். 1990இல் சட்டம் மாறி, பிரேசில் போன்ற நாடுகளிலிருந்த ஜப்பானிய வம்சாவளியினருக்குக் கதவு திறந்தது. ஹமமட்சு போன்ற ஊர்களின் கார் உதிரிபாக ஆலைகளில் வேலை. காகிதம் எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரர் வழியாக வந்த வேலை என்பதால் 2008 நெருக்கடியில் முதலில் வெளியே போனவர்கள் அவர்கள்தான். 2009இல் ஜப்பானிய அரசே ஊர் திரும்பத் தொழிலாளிக்கு 3 லட்சம் யென், குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் 2 லட்சம் யென் என்று கொடுத்தது, அதே விசாவில் மீண்டும் வரக் கூடாது என்ற நிபந்தனையோடு.

காகிதம் இருந்தால் பூட்டானியருக்குப் பயமே இல்லையா? (ஈரோடு வாசகர்)

இருக்கிறது. 2025 மார்ச்சில், பெரும்பாலும் குற்ற வழக்குகளில் தண்டனை பெற்றிருந்த சிலரை அமெரிக்கா பூட்டானுக்கு விமானத்தில் அனுப்பியது. பூட்டான் அவர்களை வைத்துக்கொள்ளவில்லை. இந்திய எல்லையில் கொண்டுவிட்டது. சிலர் நேபாளத்துக்குள் போய் அங்கே கைதானார்கள். தண்டனை அனுபவித்து முடித்தவரை, அவரை ஒருமுறை துரத்திய நாட்டுக்கே அனுப்புவது பெரும் அநியாயம். அந்த வாரம் என் மேசைக்கு வந்த ஒருவர் வரிப் படிவத்தை விட்டுவிட்டு, குடியுரிமை விண்ணப்பத்தைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார்.

முதுகலை ஆய்வுக்கு இந்த இரு சமூகங்களை எடுக்க நினைக்கிறேன். எங்கே தொடங்கட்டும்? (கோயம்புத்தூர் மாணவி)

ஒரே ஆண்டில் வந்தவர்களை, ஒரே வயதில் வந்தவர்களை எடுத்துக்கொள்ளுங்கள் அம்மா. 2010இல் இருபத்தைந்து வயதில் வந்த பூட்டானியருக்கு எதிரே 1988இல் வந்த பிரேசிலியரை நிறுத்தாதீர்கள். ‘நேபாளி’ என்று எழுதியவர்களில் பூட்டானில் பிறந்தவர்களைப் பிரித்தெடுங்கள்; பிறந்த நாடு தனிக் கேள்வியாக இருக்கிறது. ஆனால் முகாமில் பிறந்த இளைஞர் அதில் ‘நேபாளம்’ என்று எழுதியிருப்பார். அவர்களைப் பிடிக்க நேரில்தான் போக வேண்டும். குடும்ப வருமானத்தை வீட்டில் சம்பாதிப்பவர் எண்ணிக்கையால் வகுத்து இன்னொரு பத்தி போடுங்கள். பிரேசிலியரிடம் போகும்போது காகிதத்தைப் பற்றி முதல் சந்திப்பில் கேட்காதீர்கள்.