பாஸ்போர்ட் முத்திரை, குடிவரவுச் சோதனை: உங்களுக்கு மறக்க முடியாத அனுபவம் எது?

என் பாஸ்போர்ட்டில் எத்தனையோ முத்திரைகள் இருக்கின்றன. ஆனால் எங்கள் குடும்பம் முதன்முதலாக நாடு தாண்டியபோது ஒரு முத்திரையும் விழவில்லை. அங்கிருந்துதான் இதைச் சொல்ல வேண்டும்.

நான் திருகோணமலைக்காரன். 1990 ஜூனில் மறுபடியும் சண்டை தொடங்கியபோது எனக்கு ஏழு வயது. வீட்டை அப்படியே விட்டுவிட்டு, நடந்தும் லொறியிலுமாக மன்னார்க் கரைக்குப் போய், ஓர் இரவு மீன்பிடி வள்ளத்தில் ராமேஸ்வரம் போய்ச் சேர்ந்தோம். மண்டபம் அகதி முகாமில் பெயர் பதிந்தார்கள். ஆனால் இலங்கையை விட்டு நாங்கள் வெளியேறியதற்கு எந்தக் காகிதமும் இல்லை. உயிர் தப்பினால் போதும் என்று ஓடுகிறவர்கள் சீல் எங்கே அடிப்பது என்று தேடிக்கொண்டிருக்க முடியாது.

சமாதான காலத்தில், 2003இல் நான் மட்டும் திரும்பி வந்தேன். சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகம் தந்த தற்காலிகப் பயணப் பத்திரத்தில்தான் வந்தேன். கட்டுநாயக்க விமான நிலையத்தில் ஓர் அறையில் உட்கார வைத்து, எப்போது போனாய், எந்த வழியாகப் போனாய் என்று கேட்டார்கள். வள்ளத்தில் என்றேன். எழுதிக்கொண்டார்கள். அங்கீகரிக்கப்பட்ட துறைமுகமோ விமான நிலையமோ அல்லாத வழியால் நாட்டை விட்டுப் போவது 1948ஆம் ஆண்டின் குடிவருவோர், குடியகல்வோர் சட்டப்படி குற்றம் என்று எனக்கு அப்போது தெரியாது. இப்போதும் அந்தச் சட்டத்தின் நிழல் போகவில்லை. 2025 மே மாதம் தமிழகத்தில் இருந்து முறைப்படி யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம் வழியாகத் திரும்பிய ஒரு முதியவரை இதே காரணத்துக்காகக் கைது செய்த செய்தியைப் படித்தபோது எனக்கு அன்று முழுவதும் சோறு இறங்கவில்லை. அடைக்கலம் தேடிப் போனவரையும் கள்ளத்தனமாகப் போனவரையும் ஒரே தராசில் வைப்பது அநியாயம்.

2006இல் கத்தாருக்கு வேலைக்குப் போனேன். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் பதிவைச் சரிபார்த்த பிறகு, குடியகல்வுக் கவுண்டரில் அந்த அதிகாரி பக்கத்தைப் புரட்டி முத்திரையை அடித்தார். அந்தச் சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது. இரவு பூராவும் விமானத்தில் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். கத்தாரில் அப்போது முதலாளி எக்சிட் பெர்மிட் தந்தால்தான் வெளியே வர முடியும். 2018இல்தான் பெரும்பாலான தொழிலாளருக்கு அது தேவையில்லை என்று ஆக்கினார்கள். அந்த வருடங்களில் ஊருக்கு வர விமான டிக்கெட்டை விட அந்தத் துண்டுக்குத்தான் அதிகம் காத்திருந்தோம்.

அப்புறம் ஒரு சிக்கல். தென்கிழக்காசிய நாடொன்றுக்கு நண்பர்களுடன் போயிருந்தேன். எந்த நாடு என்பதை விடுங்கள். உள்ளே போகும்போது, வேறு பக்கங்கள் வெறுமையாக இருக்க, ஏற்கெனவே இருந்த ஒரு பழைய முத்திரையின் மேலேயே அதிகாரி அடித்துவிட்டார். நானும் பார்க்காமல் பாஸ்போர்ட்டை மூடிக்கொண்டு போய்விட்டேன். திரும்பும்போது வேறொரு அதிகாரி திகதியை வாசிக்க முடியாமல் உருட்டி உருட்டிப் பார்த்தார். அனுமதித்த நாளுக்கு மேல் தங்கியிருக்கிறேன் என்று சந்தேகப்பட்டுத் தனியே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். நண்பர்கள் கேட்டுக்குப் போய்விட்டார்கள், விமானத்துக்கு நேரமோ ஓடுகிறது. சட்டைப் பையில் கசங்கிக் கிடந்த வருகை விமானத்தின் போர்டிங் பாஸ்தான் என்னைக் காப்பாற்றியது. அதில் நாள் தெளிவாக இருந்தது.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். கவுண்டரை விட்டு நகர முன் முத்திரையைத் திறந்து பார்ப்பேன். திகதி சரியா, எத்தனை நாள் தந்திருக்கிறார்கள், வாசிக்க முடிகிறதா? பிழை என்றால் அந்த இடத்திலேயே மரியாதையாகச் சொல்லித் திருத்திக்கொள்ளலாம். வெளியே வந்துவிட்டால் பெரும்பாடு. வெளியே வந்ததும் அந்தப் பக்கத்தைப் போனில் ஒரு படம் எடுத்து வைப்பேன்.

இப்போது திருகோணமலைக்குப் பக்கத்தில் உப்புவெளியில் ஒரு சிறிய விடுதியைக் கவனித்துக்கொள்கிறேன். ஏப்ரலில் இருந்து செப்டெம்பர் வரை வெள்ளைக்காரர் நிறைய வருவார்கள், பதிவுக்காக அவர்களின் பாஸ்போர்ட்டைப் பார்க்க வேண்டி வரும். பலர் செய்யும் பிழை, விசா கிடைத்த நாளையும் இறங்கிய நாளையும் குழப்பிக்கொள்வது. முப்பது நாள் தங்கலாம் என்றால் அது நாட்டில் காலடி வைத்த நாளில் இருந்து எண்ண வேண்டியது, இணையத்தில் அனுமதி வந்த நாளில் இருந்து அல்ல. பிரிட்டிஷ்காரர்களின் பாஸ்போர்ட்டில், அவர்கள் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிறகு, ஷெங்கன் முத்திரைகள், அதாவது தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் முத்திரைகள், வரத் தொடங்கின. விமானமா, கப்பலா, ரயிலா, காரா என்று சின்னப் படம் ஒன்று அதில் இருக்கும். உள்ளே போவதற்கு ஒரு பெட்டி, வெளியே வருவதற்கு மூலை வளைந்த பெட்டி. அதுவும் இனி இராது. 2025 அக்டோபர் 12 முதல் முகமும் கைரேகையும் பதியும் முறையைப் படிப்படியாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். சிங்கப்பூரும் முத்திரை அடிப்பதை நிறுத்திவிட்டது, மின்னஞ்சலில்தான் அனுமதி வரும். வேகம்தான், நல்லதுதான். ஆனால் நாளைக்கு ஒருவன் எப்போது போனாய் என்று கேட்டால் கையில் காட்ட என்ன இருக்கும்? அந்த மின்னஞ்சலை அழிக்காதீர்கள், போர்டிங் பாஸையும் எறியாதீர்கள். காகிதம் இல்லாமல் நின்றவர்களுக்குத்தான் காகிதத்தின் அருமை தெரியும்.

கடைசியாக அம்மாவின் கதை. அவர் 2011இல்தான் திரும்பி வந்தார். தங்கை முகாமிலேயே வளர்ந்து, கல்யாணம் கட்டி, திருச்சிப் பக்கம் இருந்துவிட்டாள். அவளைப் பார்க்கப் போக வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். பலாலியில் இருந்து விமானம் இருக்கிறது என்றேன். "வேண்டாம், கப்பலிலதான் போவம்" என்றார். நாகப்பட்டினத்துக்கும் யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்கும் இடையிலான கப்பல் 2023இல் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. இந்திய இணைய விசா எல்லா நுழைவிடங்களிலும் செல்லாது, அதனால் பாஸ்போர்ட்டில் ஒட்டும் விசாவே எடுத்துக்கொண்டு 2025இல் போனோம்.

காங்கேசன்துறைக் கவுண்டரில் அம்மாவின் முறை வந்தது. அதிகாரி சீல் அடித்துக் கொடுத்தார். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தைக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். பின்னால் வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள்.

"தம்பி, இது போறதுக்கு அடிச்சதோ?"

"ஓம் அம்மா, போறதுக்கு."

"திகதி சரிதானே?"

"சரி அம்மா."

கடலில் ஏறக்குறைய நான்கு மணித்தியாலம். நான் எத்தனை தரம் கேட்டும் அவர் பாஸ்போர்ட்டைப் பையில் வைக்கவில்லை. இரண்டு கையாலும் மடியில் பிடித்துக்கொண்டே வந்தார்.