வானத்தை ஏலம் விட்டா கேபிள் பில் குறையுமா?

கேள்வி: ஆசிரியர் சார், செல்போன் கம்பெனிக்கு அலைக்கற்றையை ஏலம் விட்டு லட்சம் கோடி கணக்குல வாங்குற மத்திய அரசு, சாட்டிலைட் டிவிக்காரங்களுக்கு மட்டும் ஏன் ஏலமே இல்லாம குடுக்குது? 2ஜி கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டே ஏலம் தான்னு சொல்லிடுச்சே, இது பெரிய முதலாளிங்களுக்கு பண்ற சகாயம் தானே? ஏலம் விட்டா எங்க கேபிள் பில்லாவது குறையுமா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: கோவம் நியாயம் தான் சார், ஆனா தப்பான கதவைத் தட்டுறீங்க.

முதல்ல கோர்ட் விஷயம். 2012 பிப்ரவரி 2ல 122 லைசென்ஸை ரத்து பண்ண தீர்ப்பு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு, அதே வருஷம் செப்டம்பர்ல அஞ்சு நீதிபதி பெஞ்ச், ஜனாதிபதி கேட்ட விளக்கத்துக்கு பதில் சொல்றப்போ, எல்லா இயற்கை வளத்தையும் ஏலம் விட்டே ஆகணும்னு அரசியல் சட்டம் சொல்லல, அந்த தீர்ப்பு ஸ்பெக்ட்ரமுக்கு மட்டும் தான்னு சொன்னது யாருக்கும் ஞாபகம் இல்ல. "அப்போ சாட்டிலைட்டும் ஸ்பெக்ட்ரம் தானே"ன்னு நீங்க கேப்பீங்க. கரெக்ட். அதுக்குத் தான் 2023 டெலிகாம் சட்டத்துல ஒரு அட்டவணையே போட்டு டிடிஎச், டெலிபோர்ட் (சேனலை சாட்டிலைட்டுக்கு அனுப்புற நிலையம்), டிவி சேனல், விசாட் (சின்ன டிஷ் வச்சு டேட்டா அனுப்புற சேவை) இதெல்லாம் ஏலம் இல்லாம அரசே ஒதுக்கலாம்னு எழுதி வச்சிட்டாங்க.

எழுதிட்டா நியாயம் ஆயிடுமான்னா, இந்த ஒரு விஷயத்துல நியாயம் இருக்கு. நம்ம காசிமேட்டுல விடியக்காலைல ஏலம் ஏன் நடக்குது? கூடைல இருக்க வஞ்சிரத்தை ஒருத்தர் எடுத்தா இன்னொருத்தருக்கு இல்ல, அதனால நடக்குது. செல்போன் அலைக்கற்றையும் அதே கதை, சென்னைல ஒரு கம்பெனி கையில இருக்க அலைவரிசைல இன்னொரு கம்பெனி டவர் போட முடியாது. சாட்டிலைட்ல அப்படி இல்ல. பூமிக்கு மேல 36,000 கிலோமீட்டர்ல வரிசையா நிக்குற சாட்டிலைட்டுங்க ரெண்டு மூணு டிகிரி தள்ளித் தள்ளி நின்னா போதும், எல்லாமே அதே அலைவரிசைல அனுப்பலாம், கீழ இருக்க டிஷ் எந்தப் பக்கம் திரும்பியிருக்கோ அதை மட்டும் தான் புடிக்கும். உங்க கேபிள்காரர் கன்ட்ரோல் ரூம் மாடில போய்ப் பாருங்க, நாலஞ்சு பெரிய டிஷ் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பக்கம் பாத்துட்டு நிக்கும், அதுல பாதி சி பேண்டுங்கிற ஒரே அலைவரிசை தான். இதுல யார்கிட்ட எதை வித்து யாரை வெளிய அனுப்புறது?

அமெரிக்காக்காரன் பண்ணிப் பாத்தான், 1996ல ஒரு டிடிஎச் இடத்தை ஏலம் விட்டு 68 கோடி டாலருக்கு மேல வாங்கினான், ஆனா 2000ல அவங்களே சட்டம் போட்டு சர்வதேச சாட்டிலைட் சேவைக்கான அலைவரிசையை ஏலம் விடக் கூடாதுன்னு நிறுத்திட்டாங்க. ஒவ்வொரு நாடும் ஏலம் விட ஆரம்பிச்சா ஒரு சாட்டிலைட் எத்தனை நாட்டுக்குக் காசு கட்டும்?

இன்னொண்ணு, 1993 தமிழ் வருஷப்பிறப்புக்கு சன் டிவி ஆரம்பிச்சப்போ இந்திய மண்ணுல இருந்து தனியாருக்கு அப்லிங்க் பண்ணவே, அதாவது சாட்டிலைட்டுக்கு சிக்னல் அனுப்பவே அனுமதி இல்ல. வெளிநாட்ல இருந்து அனுப்பினாங்க, நம்ம தெருவுல ஒயர் இழுத்த பசங்க டிஷ் வச்சுப் புடிச்சு வீட்டுக்கு வீடு குடுத்தாங்க. கேபிள் டிவி சட்டமே 1995ல தான் வந்துச்சு. அன்னைக்கு டெல்லி யார்கிட்ட எதை ஏலம் விட்டிருக்கும்? அப்புறம் 2005ல தான் டவுன்லிங்க் அனுமதின்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, அதாவது சிக்னல் எந்த வானத்துல இருந்து வந்தாலும் இங்க காட்டணும்னா தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தோட பேப்பர் வேணும்.

சார், சகாயம் எங்க நடக்குதுன்னு கேட்டீங்களே, அந்தப் பேப்பர்ல தான் நடக்குது. சேனலுக்கு வருஷத்துக்கு டவுன்லிங்க் கட்டணம் 5 லட்சம், நியூஸ் சேனல் ஆரம்பிக்க கம்பெனியோட நெட்வொர்த் 20 கோடி, இதெல்லாம் காசு இருக்கவனுக்கு ஒரு விஷயமே இல்ல. விஷயம் உள்துறையோட செக்யூரிட்டி கிளியரன்ஸ். 2014 ஆகஸ்ட்ல அது இல்லன்னு சொல்லி சன் குழுமத்தோட கேபிள் கம்பெனி கல் கேபிள்ஸ் லைசென்ஸை கேன்சல் பண்ணாங்க, செப்டம்பர்ல மெட்ராஸ் ஹைகோர்ட் அந்த ஆர்டரை ரத்து பண்ணுச்சு. அடுத்த வருஷம் எஃப்எம் ரேடியோ ஏலம், கவனிங்க, நீங்க கேக்குற அதே ஏலம் தான், அதுல அதே குழுமத்தோட கம்பெனிங்க கலந்துக்கவே கூடாதுன்னு அதே காரணத்தைக் காட்டி நிறுத்துனாங்க, ஹைகோர்ட் போய்த் தான் உள்ள நுழைஞ்சாங்க. கேரளால மீடியாஒன் சேனலுக்கு 2022ல அதே காரணம், விவரத்தை கோர்ட்டுக்கு மட்டும் மூடின கவர்ல குடுத்தாங்க, 2023 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட் அதைத் தூக்கிப் போட்டுச்சு. ஏலம் வச்சாலும் வாசல்ல நிக்குற ஆளு அதே ஆளு தான்.

சன் குழுமத்துக்கு நான் வக்காலத்து வாங்குறேன்னு அடுத்த வாரம் லெட்டர் போடாதீங்க. அவங்களோட எஸ்சிவி தவிர வேற கேபிளே இல்லாத தெருவுல நானும் குடியிருந்தவன் தான். அதுக்குப் போட்டியா 2007ல வந்த தமிழ்நாடு அரசோட அரசு கேபிள், கருணாநிதி குடும்பமும் சன் டிவி மாறன் குடும்பமும் சமாதானம் ஆனதும் தூங்கப் போச்சு, 2011ல ஜெயலலிதா எழுப்பி மாசம் 70 ரூபான்னு அறிவிச்சாங்க, அப்பவும் சென்னைக்கு உடனே வரல. 2012ல செட்டாப் பாக்ஸ் கட்டாயம்னு ஆனதும் டிஜிட்டல் லைசென்ஸ் கேட்டாங்க, மாநில அரசுங்க கேபிள் தொழிலுக்கே வரக்கூடாதுன்னு தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஏற்கனவே சொல்லியிருந்ததைக் காட்டி டெல்லி இழுத்தடிச்சு, குடுத்தது 2017 ஏப்ரல்ல. அஞ்சு வருஷம் ஒரு மாநில அரசாங்கமே பேப்பருக்குக் காத்திருந்துச்சு, இதுல அலைக்கற்றை எங்க வந்துச்சு சொல்லுங்க. டிவில ஏலம் நெசமாவே நடக்குற ஒரே இடம் பிரசார் பாரதியோட இலவச டிடிஎச்சான டிடி ஃப்ரீ டிஷ், அங்கயும் ஏலம் போறது சேனலுக்கான ஸ்லாட் தான், அலைக்கற்றை இல்ல, நம்ம ஊர்ல அதைப் பாக்குறவங்க கம்மி.

கடைசியா பில். குறையாது, ஏறும். டிடிஎச்காரன் வருமானத்துல 8 சதவீதம் லைசென்ஸ் ஃபீஸ் கட்டுறான், அதை அவன் பாக்கெட்ல இருந்தா கட்டுறான்? உங்க கேபிள்காரர் அதைக் கூட கட்டல, பல வருஷமா தபால் ஆபீஸ்ல 500 ரூபா கட்டி ரிஜிஸ்டர் பண்ணி தொழில் பண்ணவங்க தான் அவங்க, ஆனாலும் உங்க பில் குறையலையே. 2019 பிப்ரவரில டிராய் கொண்டு வந்த முறைப்படி அடிப்படைக் கட்டணம் அதிகபட்சம் 130 ரூபா, ஜிஎஸ்டியோட 153 சொச்சம், அதுக்கு மேல கட்டணச் சேனலுக்குத் தனி. 2024ல அந்த 130ங்கிற உச்சவரம்பையும் எடுத்துட்டாங்க, இப்போ அவங்க வச்சது தான் ரேட்டு. இதுக்கு நம்ம பேட்டைல ஒருத்தரும் கொடி புடிச்ச மாதிரி தெரியல. அடுத்த தடவை வசூலுக்கு வர்ற பையன்கிட்ட உங்க பாக்ஸ்ல எந்த பேக் போட்டிருக்காங்க, அதுல எத்தனை கட்டணச் சேனல் இருக்குன்னு கேளுங்க, நீங்க பாக்காத ஸ்போர்ட்ஸையும் ஹிந்தியையும் எடுக்கச் சொல்லுங்க, முடியாதுன்னு சொன்னா அந்தப் பில்லை எனக்கு அனுப்புங்க, போடுறேன்.