எல்லையைத் திறந்து வைக்கலாமா? ஒரு பர்மாக்காரப் பேரனின் பதில்

"ஒரு நாடு தன் எல்லையை யாருக்கும் தடையில்லாமல் திறந்து வைக்கலாமா?" என்பது கேள்வி. கேட்டவர் அநேகமாக ஐரோப்பாவை மனசில் வைத்துக் கேட்டிருப்பார். எனக்கு முதலில் ஞாபகம் வந்தது எங்க ஆயாவின் காது.

ஆயா 1965ல் ரங்கூனிலிருந்து கப்பலேறி மெட்ராஸுக்கு வந்தவர். கப்பலேறும் முன் ரங்கூனில் சோதனை போட்ட அதிகாரி தோட்டைக் கழற்றச் சொன்னான். கழற்றிக் கொடுத்துவிட்டு, காது தூர்ந்துவிடுமே என்று யாரோ வைத்திருந்த விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, இரண்டாக ஒடித்துச் சொருகிக்கொண்டார். வியாசர்பாடியில் ஓலைக் குடிசை போட்டு, தாத்தா கொஞ்சம் கையூன்றி, ஒரு கவரிங் தோடு வாங்கித் தரும்வரை அந்த ஈர்க்குச்சிதான். சர்க்கார் காகிதத்தில் இவர்களுக்குத் 'தாயகம் திரும்பியோர்' என்று பேர். ஆயா எங்கே திரும்பினார்? பிறந்ததே ரங்கூனில்தான். தமிழ்நாட்டு மண்ணை மிதித்தது அதுதான் முதல் தடவை.

அவருடைய அப்பா, அதாவது என் கொள்ளுத்தாத்தா, சிவகங்கைப் பக்கமிருந்து ரங்கூன் அரிசி ஆலைக்குக் கூலியாகப் போனவர். விசா கிடையாது, ஒன்றும் கிடையாது. 1937 ஏப்ரல் 1ம் தேதி வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம்தானே. மதுரைக்குப் போவதுபோல ரங்கூனுக்குப் போனார்கள். நடுவில் கடல் இருந்தது, அவ்வளவுதான். திறந்த எல்லை வேண்டும் என்று பேசுகிறவர்கள் கனவு காண்பது இதைத்தான். நாங்கள் அதில் வாழ்ந்திருக்கிறோம்.

ஆனால் அந்தத் திறந்த எல்லை பர்மாக்காரனுக்கு எப்படி இருந்தது என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1930களில் நெல் விலை விழுந்தபோது கடன் கட்ட முடியாத விவசாயிகளின் நிலமெல்லாம் கடன் கொடுத்திருந்த நம்மூர்ச் செட்டியார்கள் கைக்குப் போனது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால் பங்கு நிலம் அவர்களுடையது. 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குக் கூலிகள் வேலைநிறுத்தம் செய்ய, கப்பல் கம்பெனிகள் பர்மியர்களை வேலைக்கு வைத்தன. சமரசம் ஆனதும் அவர்களைத் துரத்திவிட்டுப் பழையபடி தெலுங்குக்காரர்களையே கூப்பிட்டுக்கொண்டன. ரத்தக் களரி ஆனது. கலவரத்தில் செத்ததும் கூலிக்காரன், வெட்டியதும் கூலிக்காரன். கம்பெனிக்காரன் கப்பலில் சரக்கு ஏறிக்கொண்டுதான் இருந்தது.

பர்மாக்காரனைக் கேட்டு அந்த எல்லையைத் திறக்கவில்லை. லண்டனில் இருந்தவன் திறந்தான். உள்ளூர்க்காரனைக் கேட்காமல் திறக்கும் கதவு ஒருநாள் மூஞ்சியில் அடித்து மூடப்படும் என்று நான் நம்புவதற்கு இதுதான் காரணம். 1962ல் ராணுவத் தளபதி நெ வின் பர்மாவில் ஆட்சியைப் பிடித்தார். 1964ல் கடைகளையெல்லாம் அரசுடைமை ஆக்கினார். அதே வருஷம் மே மாதம் 50, 100 கியாட் நோட்டு செல்லாது என்று அறிவித்தார். சேர்த்து வைத்த காசு ஒரே ராத்திரியில் காகிதம். அந்தச் சில வருடங்களில் மூன்று லட்சம் இந்தியர்கள் போல அங்கிருந்து கிளம்பினார்கள்.

(பாதிப் பேருக்கு இந்தக் கதை தெரியாது, ஆனால் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் தெரியும். பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜார் 1969ல் வந்தது. அந்தப் பக்கம் சாயந்திரம் போனால், நூடுல்ஸைக் கையாலேயே பிசைந்து, கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள் போட்டு, மேலே மொறுமொறுப்பான பேஜோவை நொறுக்கித் தருவார்கள். கூட வாழைத்தண்டு சூப். ஆயா அதை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு "உப்பு ஜாஸ்தி" என்பார். எந்தக் கடையானாலும் இதே தீர்ப்புதான்.)

அப்படியென்றால் எல்லையை மூடிவிடலாமா? அதுவும் இல்லை. நம் நாட்டுக்கே ஒரு திறந்த எல்லை இருக்கிறது, பல பேர் மறந்துவிடுகிறார்கள். 1950ல் நேபாளத்தோடு போட்ட ஒப்பந்தப்படி அவர்கள் இங்கே வரவும், தங்கவும், வேலை பார்க்கவும் விசா வேண்டாம். நமக்கும் அங்கே அப்படித்தான். நான் சின்னப் பையனாக இருந்தபோது ராத்திரி விசில் ஊதிக்கொண்டு, தடியால் தரையைத் தட்டிக்கொண்டு போன கூர்க்கா, மாசம் பிறந்தால் வாசலில் வந்து "அம்மா, கூர்க்கா" என்று நின்றவர், அந்த ஒப்பந்தத்தின் வழியாக வந்தவர்தான். எழுபது வருடத்துக்கு மேல் கதவு திறந்தே கிடக்கிறது, நேபாளமே காலியாகி வியாசர்பாடிக்கு வந்துவிடவில்லை. ஐரோப்பாவில், எல்லையில் சோதனை இல்லாமல் போய்வரலாம் என்கிற ஷெங்கன் ஒப்பந்தத்தில் இப்போது 29 நாடுகள். கையெழுத்து போட்டது 1985ல், சோதனைச்சாவடியை நிஜமாக எடுத்தது 1995ல். நடுவில் பத்து வருஷம் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள்.

"வெளியாள் வந்தால் கூலி குறையும்" என்பதுதான் பெரிய எதிர்ப்பு. இதற்கு வெளிநாடு போக வேண்டாம், எங்கள் பட்டறைக்கு வந்தால் போதும். தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் மேஸ்திரியாக இருக்கிறேன். அரசியல் சட்டம் 19வது பிரிவு இந்தியாவுக்குள் எவனும் எங்கேயும் போய்க் குடியிருக்கலாம் என்கிறது. அதனால் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் சென்ட்ரலில் வந்து இறங்குகிறார்கள். போன வருஷம் ஐடிஐ முடித்த எங்க ஏரியா பையன் ஒருத்தன் என்னிடம் வந்து சண்டைக்கு நின்றான்.

"அண்ணே, அவனுங்க பன்னெண்டு மணி நேரம் நிக்கறானுங்க. எட்டு மணி நேரத்துக்கு மேல நின்னா ஓவர்டைம் கேக்கறேன்னு என்னை வேணாங்கறாரு மொதலாளி. அவனுங்க வராம இருந்தா என்னைத்தானே வெச்சிருப்பாரு?"

அவன் சொன்னதில் தப்பில்லை. கூலி நிஜமாகவே இறங்குகிறது. ஆனால் ஒடிசாப் பையன் ரயிலேறியதால் மட்டும் இறங்கவில்லை. பன்னிரண்டு மணி நேரத்துக்கு எட்டு மணி நேரக் கூலி வாங்கிக்கொண்டு அவன் வாய் மூடி நிற்பதால் இறங்குகிறது. ஏன் நிற்கிறான்? அவனைக் கூட்டிவந்த கான்ட்ராக்டர் கையில் அவன் பாக்கிச் சம்பளம் இருக்கிறது. பிஎஃப் இல்லை, ஈஎஸ்ஐ இல்லை, பாஷை இல்லை. வெளிமாநிலத் தொழிலாளருக்கென்றே 1979ல் சட்டம் வந்தது, உள்ளூர்க்காரனுக்குக் கொடுப்பதைவிடக் குறைத்துக் கொடுக்கக் கூடாது என்றும் அதில் எழுதியிருந்தது. அது இருந்த காலத்தில் எங்கள் தெருவில் அதை யாரும் பார்த்த மாதிரி தெரியவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே கூலி, ஒரே ஓவர்டைம் என்று ஆகட்டும், முதலாளி எந்த ஊர்க்காரனைத் தேடுகிறார் என்று அப்புறம் பார்ப்போம்.

ஆக என் பதில்: உலகத்துக்கே மொத்தமாகத் திறந்து வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. பக்கத்து நாட்டோடு, இரண்டு பக்கத்து ஜனமும் சம்மதித்து, வந்தவனுக்கும் இருப்பவனுக்கும் ஒரே கூலிச் சட்டம் என்று வைத்துத் திறக்கலாம். அது நடக்கும் காரியம்தான். ஆனால் இந்தக் கேள்வியில் எல்லாரும் வாசலையே பார்க்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு அடி விழுந்தது வாசலில் இல்லை, உள்ளே போய்ப் பிள்ளை குட்டி பெற்று இரண்டு தலைமுறை கழித்து. உள்ளே வந்து இத்தனை வருஷம் ஆனால் நீ இந்த ஊர்க்காரன் என்று ஒரு கணக்கு இருக்க வேண்டும். அந்தக் கணக்கு இல்லாத நாடு எல்லையைத் திறப்பதும் ஒன்றுதான், மூடுவதும் ஒன்றுதான்.

பர்மாவைச் சொல்லிவிட்டு நம்மை விட்டுவிட முடியாதே. எங்கள் பட்டறையிலிருந்து வண்டியில் கொஞ்ச நேரம் போனால் புழல் காவாங்கரை, இலங்கைத் தமிழர் முகாம். 2021ல் 'அகதிகள் முகாம்' என்ற பேரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினார்கள். என்னோடு வேலை பார்த்த ஒருத்தன் அந்த முகாமில் பிறந்தவன், 1991ல். 1987 ஜூலை 1க்குப் பிறகு பிறந்தவனுக்கு இங்கே பிறந்தது மட்டும் போதாது, அப்பா அம்மாவில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். 2019ல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள், அதிலும் இலங்கை இல்லை. அவன் யாழ்ப்பாணத்தைக் கண்ணால் பார்த்ததில்லை, பேசுவது சுத்தமான மெட்ராஸ் பாஷை, ஓட்டு கிடையாது. தேர்தல் அன்றைக்கு நாங்களெல்லாம் விரலில் மையோடு டீக்கடையில் நிற்க, அவன் கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொள்வான்.

ஒருநாள் ஆயா கதையை அவனிடம் சொன்னேன். ஈர்க்குச்சி வரைக்கும் முழுசாகக் கேட்டான். டீயை உறிஞ்சிவிட்டுச் சொன்னான்: "உங்க ஆயா கப்பல்ல வந்துச்சு, எங்கப்பா படகுல வந்தாரு. வண்டி மாத்தி ஏறிட்டார்டா மனுஷன்."