கோடையில் முட்டையிடும் காலம் முடிந்ததும் பெரிய ப்ளூகில் மீன்கள் எங்கே போகின்றன?

ப்ளூகில் என்கிற வட அமெரிக்க ஏரி மீனை ஜூனில் கரையில் நின்றே உள்ளங்கை அகலத்துக்குப் பிடித்தேன், ஜூலையில் விரல் நீளப் பொடிசுகள்தான் கடிக்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவின் மினசோட்டாவுக்கு வந்த புதிதில் இரண்டு கோடை எனக்கும் இதே கதைதான். படகுத்துறையில் உட்கார்ந்து டப்பா டப்பாவாக மண்புழுவைப் பொடிசுகளுக்குத் தானம் செய்துகொண்டிருந்தேன்.

பெரியவை ஏரியை விட்டு எங்கும் போகவில்லை, உங்களுக்கு எட்டாத இடத்துக்குப் போயிருக்கின்றன, அவ்வளவுதான். ஜூனில் ஆண் மீன் ஆழமில்லாத இடத்தில் வாலால் மணலை விசிறித் தட்டு மாதிரி குழி பறித்து முட்டையைக் காவல் காக்கும், பக்கத்தில் எது வந்தாலும் பாய்ந்து கடிக்கும். அந்த வேலை முடிந்ததும் கரையில் அதற்கு என்ன இருக்கிறது? பொடிசுகள் பாஸ், பைக் என்கிற வேட்டை மீன்களுக்குப் பயந்து பாசிக்குள்ளேயே கிடக்கும். எட்டு ஒன்பது அங்குலம் வளர்ந்துவிட்டதை விழுங்குவது அவற்றுக்கு அத்தனை சுலபமில்லை, அதனால் அது தைரியமாகப் பாசியைத் தாண்டி வெளியே போய்த் தண்ணீரில் மிதக்கும் நீர்த்தெள்ளு என்கிற குட்டிப் பூச்சிகளை மேய்கிறது.

அதனால் ஒரு படகோ கயாக்கோ தேவை. பாசி முடிகிற விளிம்பைக் கண்டுபிடித்து, அங்கிருந்து கொஞ்சம் வெளியே, 15, 20 அடி ஆழத்தில் நங்கூரம் போடுங்கள். ஆனால் இரையை அடிவரை இறக்கிவிடாதீர்கள், நான் ஒரு முழு மாதம் செய்த தப்பு அதுதான். கோடையில் பல ஏரிகளில் அடித்தண்ணீரில் ஆக்சிஜன் போதாது, மீன் நடுவில்தான் தொங்கிக்கொண்டிருக்கும். 8 அடியில் ஆரம்பித்து, கடி விழும்வரை ஓரோர் அடியாக இறக்குங்கள். இதற்கு வழுக்குத் தக்கை நல்லது: தூண்டில் நரம்பில் ஒரு நூல் முடிச்சு, தக்கை அதுவரைக்கும் வழுக்கிப் போய் நிற்கும், ஆழத்தை மாற்ற முடிச்சை நகர்த்தினால் போதும்.

வாய் சின்னது என்பதால் 8ஆம் எண் தூண்டில் முள், 4 பவுண்டு தாங்கும் நரம்பு, ஒரே ஒரு ஈயக்குண்டு போதும். முழுப் புழுவை மாட்டாதீர்கள், அரை அங்குலத் துண்டு. அப்புறம் தக்கையைப் பாருங்கள்: பொடிசு என்றால் டொக் டொக்கென்று குத்தும், பெரியது சில சமயம் இரையைக் கவ்விக்கொண்டு மேலே வரும், ஈயத்தின் பாரம் விலகித் தக்கை மூழ்காமல் அப்படியே சாய்ந்து படுத்துவிடும். அலை என்று நினைத்து நான் விட்ட மீன்கள் எத்தனையோ! படுத்தால் உடனே சுண்டுங்கள். பக்கவாட்டில் வட்டம் அடித்து இழுக்கிற இழுப்பில், ஜிலேபிக் கெண்டை பிடித்துப் பழகிய கைக்கு ஊர் ஞாபகம் வந்துவிடும்.

ஒன்பது அங்குலத்துக்கு மேல் வந்தால் நான் திருப்பி விட்டுவிடுவேன். பெரிய ஆண்களை எல்லாம் எடுத்துவிட்டால், மிச்சமுள்ள இளசுகள் வளராமலே முட்டையிடும் வேலைக்கு இறங்கிவிடும், சில வருடத்தில் ஏரி முழுக்கப் பொடிசுதான். அதனால்தான் இங்கே ஒரு நாளைக்கு 20 என்ற பொது வரம்பு சில ஏரிகளில் 10 அல்லது 5 ஆகக் குறைக்கப்பட்டிருக்கிறது, உங்கள் ஏரிக்கு எவ்வளவு என்று முதலில் பாருங்கள். குழம்புக்கு ஏழு அங்குலம் தாராளம். மிளகாய்த்தூள் தடவி முழுசாகப் பொரித்தால் வால் முறுக்கு மாதிரி இருக்கும், முள்தான் கொஞ்சம் பார்த்துச் சாப்பிட வேண்டும்.