பிரஸ் மீட்டில் சின்னக் கேள்வி கேட்ட மகள்: ஒரு தந்தைக்குப் பதில்

கேள்வி: ஐயா, காங்கேயத்தில் இருந்து எழுதுகிறேன். மகள் பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு இதழியல் முதுகலை படிக்கிறாள். பயிற்சிக்காகக் கோவையில் ஒரு பத்திரிகைக்குப் போய்வருகிறாள். தொழில்நுட்பச் செய்திதான் எழுதுவேன் என்கிறாள். போன வாரம் ஓர் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் அறிமுகக் கூட்டத்தில் எழுந்து, “ஒரு சார்ஜுக்கு 150 கிலோமீட்டர்னு யாருங்க ஓட்டிப் பார்த்தது?” என்று கேட்டிருக்கிறாள். பக்கத்தில் இருந்த சீனியர்கள் சிரித்துவிட்டார்களாம். மேடையில் இருந்தவர், “கீழே சின்ன எழுத்துல போட்டிருக்குது பாருங்க” என்று சொல்லி அடுத்தவருக்குப் போய்விட்டாராம். வீட்டுக்கு வந்தும் முகம் தெளியவில்லை. இந்த வேலை அவளுக்கு ஒத்துவருமா? பேசாமல் பேங்க் பரீட்சைக்குப் படிக்கச் சொல்லிவிடட்டுமா?

பதில்: அன்புள்ள ஐயா, மகளின் கேள்வி நல்ல கேள்வி. அதைக் கேட்ட விதத்தில் ஒரு குறை இருக்கிறது. அது ஒரு மாதப் பழக்கத்தில் சரியாகிவிடும். இதற்காக வேலையை மாற்றவேண்டாம்.

காங்கேயத்துக்காரருக்கு இதை விளக்குவது சுலபம். கண்ணபுரம் சந்தையில் காளை பிடிக்கப் போகிறவர் முதலில் என்ன செய்வார்? வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். ரெண்டு பல்லா, நாலு பல்லா, கடை முளைத்துவிட்டதா? பசுவாக இருந்தால் எத்தனையாவது ஈத்து என்பார். விற்பவர் மாட்டின் குலப்பெருமையை அரைமணி நேரம் பாடினாலும் வாங்குபவர் பல்லைப் பார்க்காமல் ரூபாயை எடுக்கமாட்டார். அங்கே அவரைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. உங்கள் மகள் அந்த ஹாலில் பல்லைத்தான் பிடித்துப் பார்த்தார்.

அந்த 150 கிலோமீட்டரையே எடுத்துக்கொள்ளலாம். இப்படிப்பட்ட எண் பெரும்பாலும் சோதனைக்கூடத்தில், வண்டியின் சக்கரத்தை உருளை மேல் சுழலவிட்டு, குறித்துவைத்த வேக அட்டவணைப்படி ஓட்டி எடுத்தது. ஐ.டி.சி. (இந்தியன் டிரைவிங் சைக்கிள், அந்த வேக அட்டவணையின் பெயர்) என்று பத்திரிகைக் குறிப்பின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். அவிநாசி ரோட்டு நெரிசலும் குன்னூர் ஏற்றமும் பின் சீட்டில் சிலிண்டரோடு உட்காரும் மச்சானும் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். பேட்டரி 3 யூனிட், அதாவது 3 கிலோவாட்-அவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3000-ஐ 150-ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு 20 வாட்-அவர். இரண்டு பேர் ஏறி வேகமாகப் போகும்போது அதுவே 30 வாட்-அவர் பிடித்தால் வண்டி 100 கிலோமீட்டரில் நின்றுவிடும். வாங்குகிறவருக்கு வேண்டியது இந்த 100.

மகள் வழுக்கியது எங்கே என்றால், சோதனை முறை குறிப்பிலேயே இருந்தது. அதனால் மேடையில் இருந்தவர் சின்ன எழுத்தைக் காட்டித் தப்பித்துவிட்டார். கேள்வி அந்தச் சின்ன எழுத்து முடிகிற இடத்தில் தொடங்கியிருக்கவேண்டும்: “ஐ.டி.சி. கணக்குன்னு போட்டிருக்கீங்க. ரெண்டு பேர் ஏறினா எத்தனை கிலோமீட்டர் போகுங்க?” கேள்வி இப்போதும் சின்னதுதான், ஆனால் அவருக்கு ஓட வழியில்லை. குறிப்பைப் படிக்காமல் கேட்பது சோம்பல் கேள்வி. குறிப்பை வரிவரியாகப் படித்த பிறகும் விடை கிடைக்காததால் கேட்பது எளிய கேள்வி. ஹாலில் இரண்டும் ஒரே மாதிரிதான் ஒலிக்கும். பதில் சொல்கிறவருக்கு மட்டும் வித்தியாசம் உடனே தெரிந்துவிடும்.

எளிய கேள்வியைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பத்திரிகைக் குறிப்பு கைக்கு வந்ததும் நோட்டில் ஒரே வாக்கியம் எழுதவேண்டும், அதுவும் தமிழில்: “இந்தப் பொருள் இன்ன வேலையை, இன்ன முறையில், இன்ன பொருளைவிட இவ்வளவு நன்றாக, இன்ன விலைக்குச் செய்கிறது.” எழுதும்போது எந்த இடம் காலியாக நிற்கிறதோ அதுதான் கேள்வி. குறிப்பில் உள்ள ஆங்கிலச் சொல்லை அப்படியே தமிழ் எழுத்தில் போட்டு நிரப்பினால் அதுவும் காலி இடம்தான். “ஸ்மார்ட்”, “அடுத்த தலைமுறை” என்பவற்றை அடித்துவிட்டுப் பார்த்தால் பல குறிப்புகளில் பாதி வாக்கியம்கூட நிற்காது. இயற்பியல் படித்த பிள்ளைகளுக்கு இங்கே ஓர் ஆபத்து உண்டு. சொல் பழகியிருப்பதால் பொருளும் புரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். தோட்டத்தில் இருக்கும் உங்களிடம் அந்த வாக்கியத்தை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் “அப்படின்னா?” என்று எங்கே கேட்கிறீர்களோ அங்கே பேனாவால் ஒரு வட்டம் போடட்டும்.

நம் பக்கத்துச் சரக்கிலேயே ஒன்றைப் பார்ப்போம். திருப்பூரில் பனியன் செக்கிங் டேபிளில் ஆள் பார்ப்பதை இனி கேமரா பார்க்கும், “99 சதவீதம் துல்லியம்” என்று ஒரு கம்பெனி அறிவிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹாலில் கைதட்டுவார்கள். கேட்கவேண்டியது: “ஆயிரம் பீஸில் குறையுள்ளது எத்தனைங்க?” பத்து என்று பதில் வந்தால், ஒரு நிமிடம் கணக்குப் போடவேண்டும். கேமராவுக்குக் கரண்டே கொடுக்காமல், வருகிற ஆயிரத்தையும் “நல்ல பீஸ்” என்று விட்டாலும் 990 சரியாகிவிடும். அதுவும் 99 சதவீதம்தான்! ஆகவே அடுத்த இரண்டு கேள்விகள் தாமாகவே வரும். அந்தப் பத்தில் எத்தனையை இது பிடித்தது? நல்ல பீஸில் எத்தனையைத் தவறாக ஒதுக்கியது? முதலாவது தப்பினால் ஓட்டையும் எண்ணெய்க் கறையும் ஏற்றுமதிக்குப் போய்ச் சரக்கு திரும்பும். இரண்டாவது தப்பினால் நல்ல பனியன் செகண்ட்ஸில் விழும். பையர் வேறு, முதலாளி வேறு, இருவருக்கும் வலி வேறு வேறு இடத்தில். மூன்றாவதாக, சோதனை வெள்ளைத் துணியில் மட்டும் நடந்ததா, கறுப்பிலும், பல நிற நூல் கலந்த மெலாஞ்சிலும் பார்த்தார்களா என்று கேட்கலாம். இந்த மூன்றுக்கும் எஞ்சினியரிங் பட்டம் வேண்டாம். செக்கிங் டேபிளில் பத்து வருஷம் நின்ற அக்காவே கேட்டுவிடுவார்.

ஏ.ஐ. பம்ப்செட் என்று அறிமுகம் நடந்தால்: “ஏ.ஐ.யைக் கழட்டி வெச்சுட்டா மோட்டார் எப்படிங்க ஓடும்?” இந்த ஒரு கேள்வியில் பாதி விஷயம் வெளியே வந்துவிடும். பல பெட்டிகளில் இருப்பது நேரம் வைத்து ஆன்-ஆஃப் செய்வதும், தண்ணீர் இல்லாமல் ஓடினால் நிறுத்துவதும்தான். அவை நல்ல வசதிகள், ஆனால் நம் தோட்டங்களில் சிம் போட்ட ஸ்டார்ட்டர் இதை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது. “30 சதவீதம் மின்சேமிப்பு” என்றால் எதோடு ஒப்பிட்டு? மூன்று தடவை காயில் கட்டிய பழைய மோட்டாரோடு ஒப்பிட்டால் எந்தப் புது மோட்டாரும் ஜெயிக்கும். 5 எச்.பி. என்பது தண்டில் கிடைக்கும் 3.7 கிலோவாட். கம்பியில் இருந்து இழுப்பது அதைவிடக் கூடுதல். சேமிப்பு எந்த இடத்தில் அளந்தது? ஆயிரம் அடி போரில் அளந்ததா, கிணற்றில் அளந்ததா? ஒரு ஃபேஸ் போனால் பெட்டி என்ன செய்யும்? டவர் கிடைக்காத பள்ளத்தில்? எல்லாவற்றையும்விட எளியது ஒன்று, அதை யாருமே கேட்பதில்லை: “நம்ம விவசாயிக்குக் கரண்ட் இலவசமுங்க, இந்தச் சேமிப்புல அவருக்கு என்ன லாபம்?” கம்பெனி யாரிடம் விற்க நினைக்கிறது என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.

போன் அறிமுகமாக இருந்தால் விலை வரி சேர்த்தா, எத்தனை வருஷம் அப்டேட் வரும், சார்ஜர் பெட்டியில் இருக்கிறதா, சர்வீஸ் சென்டர் எந்த ஊரில் என்ற நான்கு போதும். சார்ஜர் கேள்வி அற்பமாகத் தோன்றும். 2020 அக்டோபரில் ஐபோன் 12 வந்தபோது பெட்டியில் சார்ஜர் கிடையாது என்பதுதான் பலருக்குப் பெரிய செய்தி.

இனி ஹாலுக்குள். அரைமணி நேரம் முன்னதாகப் போகவேண்டும். எல்லாரும் காபிக்கு நிற்கும்போது டெமோ டேபிளில் எஞ்சினியர் தனியாக இருப்பார். அவரிடம் மெஷினின் பெயர்ப்பலகையில் உள்ள எண்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். உட்காருவது இரண்டாம் வரிசை, நடைபாதை ஓரம். மைக் கொண்டுவருபவர் கண்ணில் படும் இடம் அது. ரெக்கார்டரை ஸ்பீக்கர் பக்கம் வைத்துவிட்டு நோட்டிலும் நேரம் போட்டு எழுதவேண்டும், ரெக்கார்டர் எப்போது நின்றுபோகும் என்று சொல்லமுடியாது.

மைக் வந்ததும் பெயர், பத்திரிகை, கேள்வி. முன்னுரை கூடாது. “நான் எதற்குக் கேட்கிறேன் என்றால்” என்று தொடங்கினால் மேடையில் இருப்பவருக்கு யோசிக்க அவகாசம் கிடைத்துவிடும். இரண்டு கேள்வியை ஒட்டவைக்கக் கூடாது, சுலபமானதற்குப் பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். பதில் வர நேரமானால் புதியவர்கள் பயந்துபோய், “அதாவது, சராசரியா 120 இருக்குமுங்களா?” என்று தாங்களே எடுத்துக்கொடுப்பார்கள். அவர் “ஆமாமா” என்பார், அந்த 120 யாருடைய எண் என்பது அப்புறம் தெரியாது. கேட்டபின் வாயை மூடிக்கொண்டு நிற்கவேண்டும். பத்து எண்ணும் வரை அந்த மௌனம் கனமாகத்தான் இருக்கும், பழகிக்கொள்ளட்டும்.

பதில் புரியவில்லை என்றால், “புரியலீங்க, இன்னொரு தடவை சொல்லுங்க.” இதைச் சொல்ல நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. நம் பேச்சில் உள்ள “ங்க” மிகக் கூர்மையான கேள்வியையும் மரியாதையாகவே கேட்கவைக்கும். கோவைக் கம்பெனிக்காரர்களிடம் தமிழிலேயே கேட்கலாம். டெல்லியில் இருந்து ஆள் வந்திருந்தால் கேள்வியை ஆங்கிலத்தில் ஒரே வரியாக முன்கூட்டியே எழுதிவைத்து வாசிக்கட்டும், அதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

“அப்புறம் தனியா பேசலாம்” என்று மைக்கை வாங்கிக்கொள்வது அடிக்கடி நடக்கும். அப்போது மைக் இல்லாமலேயே, “சரிங்க, கூட்டம் முடிஞ்சதும் யார்கிட்ட கேக்கட்டும்?” என்று பெயரை வாங்கிக்கொள்ளவேண்டும். அன்று மாலைக்குள் அதே கேள்வியை எழுத்தில் அனுப்பவேண்டும். பதில் வராவிட்டால், கேட்டோம், பதில் தரவில்லை என்று செய்தியில் ஒரு வரி போடலாம். “இது வெளியே வேண்டாம்” என்று பேசி முடித்தபிறகு சொன்னால் அது செல்லாது, பேசுவதற்கு முன்பே இருவரும் ஒத்துக்கொண்டிருக்கவேண்டும். இதையும் அந்த இடத்திலேயே பணிவாகச் சொல்லிவிடுவது நல்லது. பரிசுப் பையோ கவரோ எதுவானாலும் கை நீட்டவேண்டாம். வாங்கிய கையோடு அடுத்த கூட்டத்தில் எளிய கேள்வி கேட்க வாய் வராது.

சிரிப்பைப் பற்றிச் சொல்லவேண்டும், மகளை உறுத்துவது அதுதானே. சிரிக்கிறவர்களில் பலருக்கும் விடை தெரியாது. தெரியாது என்பது வெளியே தெரியக்கூடாது என்ற பயம்தான் அங்கே சிரிப்பாக வருகிறது. 2018 மே மாதம் டெஸ்லா கம்பெனியின் காலாண்டுக் கணக்குக் கூட்டத்தில் ஓர் ஆய்வாளர் கம்பெனிக்கு எவ்வளவு முதலீடு தேவைப்படும் என்று கேட்டார். ஈலான் மஸ்க் அதைச் சலிப்பான, மடத்தனமான கேள்வி என்று வெட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். மறுநாள் டெஸ்லா பங்கு 5 சதவீதத்துக்கும் மேல் இறங்கியது. ஆகஸ்டில் நடந்த அடுத்த கூட்டத்தில் அதே ஆய்வாளரிடம் மஸ்க் மன்னிப்புக் கேட்டார்.

இன்னொன்று இதைவிடப் பெரியது. 2003-ல் தொடங்கிய அமெரிக்காவின் தெரானோஸ் கம்பெனி, விரல் நுனியில் எடுத்த சில துளி ரத்தத்தில் ஏராளமான பரிசோதனை செய்வதாகச் சொல்லி 900 கோடி டாலர் மதிப்புக்கு உயர்ந்தது. எத்தனையோ பத்திரிகைகள் அட்டைப்படம் போட்டன. அந்தப் பரிசோதனைகள் எந்த மெஷினில் நடக்கின்றன என்று விடாமல் தேடிய நிருபர் ஜான் கேரிரூ, 2015 அக்டோபரில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகையில் விடையை எழுதினார்: பெரும்பாலானவை மற்ற கம்பெனிகளின் வழக்கமான மெஷின்களில்தான். கம்பெனி மூடப்பட்டது, நிறுவனர் 2022-ல் மோசடிக் குற்றவாளி என்று தீர்ப்பானது. “எந்த மெஷினுங்க?” என்பது ஒரு லேப் உதவியாளர் கேட்கும் கேள்வி. நோயாளிகளுக்காக அதைத்தான் யாராவது முன்பே கேட்டிருக்கவேண்டும்.

வருமானத்தை மறைக்காமல் சொல்கிறோம். தொடக்கத்தில் ஐ.டி. கம்பெனிச் சம்பளத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும். நாலைந்து வருஷம் ஒரே துறையில் நின்று எழுதினால்தான் பேர் வரும். மகளுக்கு ஜவுளி மெஷினும் பம்பும் மின்வாகனமும் பிறந்த ஊர்ச் சரக்கு, சென்னையில் இருந்து எழுதுகிறவர்களுக்குக் கிடைக்காத மூலதனம் அது. ஒருவேளை பத்திரிகை வேலை ஒத்துவராவிட்டாலும், சிக்கலானதைத் தெளிவாகக் கேட்டு எழுதத் தெரிந்தவருக்குக் கம்பெனிகளில் தொழில்நுட்பக் கையேடு எழுதும் வேலை உண்டு. பேங்க் பரீட்சையை எப்போது வேண்டுமானாலும் யோசிக்கலாம்.

இப்போதைக்கு அவர் செய்யவேண்டியது பயிற்சி. கோவை கொடிசியா வளாகத்தில் அக்ரி இன்டெக்ஸ், இன்டெக் மாதிரி விவசாய, தொழில் கண்காட்சி நடக்கும் நாளில் ஒரு நோட்டோடு போய் இருபது ஸ்டாலில் நிற்கட்டும். ஸ்டாலுக்கு ஒரே கேள்வி. என்ன கேட்டார், என்ன பதில், அதற்குப் பிறகு எந்த இடம் இன்னும் காலி என்று மூன்று வரி எழுதட்டும். அதில் இருந்து தலா 600 வார்த்தையில் ஆறு செய்தி தேறினால் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது சான்றிதழோடு சேர்த்துக் காட்டலாம்.

முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள். பம்ப் ஸ்டாலில் விற்பனையாளரை நீங்கள் பேசவிட்டுப் பாருங்கள், உங்கள் வாயில் இருந்து வரும் முதல் கேள்வியை மகள் குறித்துக்கொள்ளட்டும்.