புதுச் செயின் போட்டும் மெஷின் கோணலாக அறுக்கிறதே!

கேள்வி: 2018 கஜா புயலில் சாய்ந்த தென்னைகளை அறுக்க வாங்கிய சின்ன பெட்ரோல் செயின்சா மெஷின், 16 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு). செயின் மழுங்கிவிட்டது என்று போன வாரம் புதுசு போட்டேன். அப்படியும் அறுப்பு ஒரு பக்கமாகவே வளைந்து இறங்குகிறது. பாரையும் மாற்ற வேண்டுமா? நானே மாட்டலாமா? - பேராவூரணிப் பக்கத்து வாசகர்.

பதில்: பழைய செயின் கோணலாக அறுத்திருந்தால், ஒரு பக்கப் பற்களை மட்டும் கூடுதலாக அரம் போட்டிருப்பீர்கள் என்பேன். புதுச் செயினில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. எனக்குப் பார் மேல்தான் சந்தேகம்.

செயினைக் கழற்றாமலே பார்த்துவிடலாம். மெஷினை அணைத்து, பிளக் கேப்பைப் பிடுங்கிவிட்டு, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஓர் இரும்பு ஸ்கேலைப் பாரின் பக்கவாட்டில், ஒரு வெட்டுப்பல்லைத் தொடுமாறு சாய்த்து வையுங்கள். ஸ்கேலுக்கும் பாருக்கும் நடுவே மெல்லிய சந்து தெரிந்தால் பார் நன்றாக இருக்கிறது. பல் சாய்ந்துகொடுத்து ஸ்கேல் பாரோடு ஒட்டிப் படுத்தால், பாரின் விளிம்பில் செயினின் அடிப்பல் இறங்கி ஓடும் பள்ளம் அகன்றுவிட்டது. அதில் எந்தச் செயினைப் போட்டாலும் ஆடும், கோணலாகத்தான் இறங்கும்.

பள்ளம் தேயாமலே செயின் ஆடுவதும் உண்டு. கடையில் "16 அங்குலச் செயின்" என்று மட்டும் கேட்டு வாங்கினால் இந்த வம்பு வரும். செயினுக்கு அங்குலம் போதாது. பிட்ச் (செயின் கண்ணிகளின் இடைவெளி), கேஜ், அடிப்பல் எண்ணிக்கை மூன்றும் வேண்டும். 16 அங்குலப் பாரிலேயே 55 பல்லும் உண்டு, 56ம் 57ம் உண்டு. கேஜ் என்பது அடிப்பல்லின் தடிமன். 1.5 மி.மீ. பள்ளத்தில் 1.3 மி.மீ. செயின் போட்டால் ஆடாமல் என்ன செய்யும்? பெரும்பாலும் பார் மெஷினோடு சேரும் முனையில் இந்த எண்களைப் பொறித்திருப்பார்கள். மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தால் தெரியும். இல்லையென்றால் பழைய பாரையும் செயினையும் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள்.

மாட்டுவதை நீங்களே செய்யலாம். கவரைக் கழற்றும் முன், முன்பக்க பிரேக் தகட்டை உங்கள் பக்கம் இழுத்து பிரேக்கை விடுவியுங்கள். சில மாடல்களில் பிரேக் கவரிலேயே இருக்கும். பூட்டியபடி கழற்றினால் கவர் திரும்ப உட்காராது. உள்ளே தூளும் ஆயிலும் சேர்ந்து புண்ணாக்கு மாதிரி இறுகிக் கிடக்கும். எல்லாவற்றையும் சுரண்டி எடுங்கள். ஆயில் வரும் துளையைக் கம்பியால் குத்திவிடுங்கள். செயினைச் சுழற்றும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் செயின் தடம் அரை மி.மீ. ஆழம் விழுந்திருந்தால் அதையும் மாற்றிவிடுவதே நல்லது; தேய்ந்த ஸ்ப்ராக்கெட் புதுச் செயினையும் கெடுக்கும்.

மாட்டும்போது, பாரின் மேல்பக்கத்தில் வெட்டுப்பற்களின் கூர்முனை பார் நுனியைப் பார்த்திருக்க வேண்டும். ஒருமுறை அவசரத்தில் நான் திருப்பி மாட்டிவிட்டு, வேப்பங்கட்டையில் புகை வருமளவு தேய்த்துக்கொண்டிருந்தேன். தூள்தான் விழவில்லை!

செயினை இறுக்க உதவும் டென்ஷன் ஊசி பாரின் துளைக்குள் உட்கார்ந்ததா என்று பார்த்து, கவரை மூடி, நட்டுகளைக் கையால் மட்டும் முடுக்குங்கள். பார் நுனியை மேலே தூக்கிப் பிடித்தபடியே டென்ஷன் ஸ்க்ரூவைத் திருப்புங்கள். கீழ்ப்பக்கம் செயின் தொங்காமல் பாரை ஒட்ட வேண்டும். பிரேக் விட்ட நிலையில் கையால் இழுத்தால் லேசாக ஓடவும் வேண்டும். நுனியை விடாமலே ஸ்பேனரால் நட்டுகளை இறுக்குங்கள்.

புதுச் செயின் நீளும். நாலைந்து அறுப்புக்குப் பின் ஆறவிட்டு மறுபடி சரிபாருங்கள். செயின் ஆயிலுக்குப் பதிலாகப் பழைய என்ஜின் ஆயிலை ஊற்றாதீர்கள். அதிலுள்ள இரும்புத்தூள் பள்ளத்தை அரித்துவிடும். செயின் மாற்றும்போதெல்லாம் பாரைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டால் இரு பக்கமும் சமமாகத் தேயும். சூட்டில் நீண்ட செயினை இறுக்கியிருந்தால், வேலை முடிந்ததும் தளர்த்திவிட்டு வையுங்கள். ஆறிச் சுருங்கும்போது அது கிராங்க் ஷாஃப்டையும் பேரிங்கையும் இழுக்கும்.